சாத்தாமல் விட்ட பிறை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

சேர்ந்த அன்றைக்கே உங்கள் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்திருப்பார்கள். திருப்புளி, டெஸ்டர், ஒயர், இன்சுலேஷன் டேப் எல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டையும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு உங்களில் ஒருவர், "மலைக்குப் போயி பல்லாங்குழி ஆடணுமா?" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் என் காது இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது, ஜாக்கிரதை.

அந்தக் கொட்டை டப்பாவுக்குள் வந்த கதையை எழுதிக் கொடுக்கச் சொன்னவள் பர்வீன். இன்று உங்களுக்கெல்லாம் தலைமைப் பொறியாளராக இருக்கிற அதே பர்வீன்தான். இந்தக் கதையில் அவளும் வருகிறாள், கொஞ்சம் அசடு வழிந்துகொண்டுதான் வருகிறாள். எழுதலாமா என்று கேட்டதற்கு, "தாராளமா எழுதுங்கக்கா. ஆனா நான் அப்பவே புத்திசாலின்னும் ஒரு வரி சேர்த்துருங்க" என்றாள். சேர்த்துவிட்டேன்.

நம் பட்டறை என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஏலக்காய் உலர்த்துகிற எந்திரத்துக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். அடுப்பை எப்போது எரிய விடுவது, விசிறியை எப்போது சுழல விடுவது என்று அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். அதற்குள் ஓடுகிற மொழிதான் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். லிஸ்ப் என்று ஒரு பழைய கணினி மொழி உண்டு. அதில் எதைச் சொன்னாலும் அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும். செய்ய வேண்டிய வேலை முதலில் வரும், எதை வைத்துச் செய்வது என்பது பின்னால் வரும். (கூட்டு 2 3) என்றால் ஐந்து. அவ்வளவுதான் இலக்கணம். அதன் வழியில், இந்தப் பட்டறையை ஆரம்பித்த பெரியவர் தமிழில் ஒரு குட்டி மொழி செய்தார். அவர் பெயரை எங்கேயாவது எழுதினால் அவருக்குக் கோபம் வரும், அதனால் பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த மொழியோடு கூடவே வருகிற உள்ளமைந்த செயற்கூறுகள், அதாவது வேலை சொல்கிற சொற்கள், கொஞ்சம்தான். கூட்டு, பெரிசு, சிறிசு, வரிசை, எடு, விதி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பெட்டியின் முகப்பில் ஒரு பொத்தான் உண்டு. வெப்பம், சூடு மாதிரி அடிக்கடி வருகிற பெயர்களுக்கும் பொத்தான் உண்டு. ஒரு அமுக்கு அமுக்கினால் முழுச் சொல்லும் திரையில் வந்து உட்காரும். பொத்தான் இல்லாத சொல்லை நீங்களாக உருவாக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மேலம்பு, கீழம்பை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு பெயரை அடித்து முடிப்பதற்குள் கையில் இருக்கிற டீ ஆறிவிடும்.

ஒருமுறை எஸ்டேட்காரர் ஒருவர் வந்து, "நாலஞ்சு அளவுல நடு அளவைச் சொல்ல ஒரு பொத்தான் வேணும்" என்று பெரியவரிடம் கேட்டார். பெரியவர் முடியாது என்றுவிட்டார்.

"வரிசை இருக்கு, எடு இருக்கு. வரிசையா வச்சு நடுவுல உள்ளத எடுத்துக்கங்க. இருக்குறதக் கோக்கத் தெரியலேன்னா நான் நூறு பொத்தான் வச்சுக் குடுத்தாலும் பத்தாது" என்றார்.

வந்தவர் முகம் சுண்டிப்போய்த் திரும்பினார். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு பொத்தான் வைக்க இந்த மனிதருக்கு என்ன கஞ்சத்தனம் என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கஞ்சத்தனத்துக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிற நாள் ஒன்று பின்னால் வந்தது.

அதற்குமுன் பிறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அடைப்புக்குறியை நாம் பிறை என்கிறோம். திறக்கிற பிறை, சாத்துகிற பிறை. எத்தனை திறந்தோமோ அத்தனையும் சாத்தினால்தான் வாக்கியம் முடியும். மலையில் இருக்கிறவர்களுக்குப் போனிலேயே வாக்கியத்தைச் சொல்லி அடிக்க வைக்க வேண்டிய நாட்களில் இதுதான் பெரிய தலைவலி. எத்தனை திறந்தது, எத்தனை பாக்கி என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அதற்கு எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் வந்தது. பிறை திறக்கும்போதெல்லாம் மேஜைமேல் ஒரு ஏலக்காய் வைக்க வேண்டும். சாத்தும்போதெல்லாம் ஒரு காயை எடுத்துவிட வேண்டும். மேஜை காலியானால் வாக்கியம் முடிந்தது, எண்டர் தட்டலாம். போனுக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் வைக்க வேண்டும், நாமும் வைக்க வேண்டும். ஏலக்காய்ச் சந்தையான நம் போடியில் எந்த மேஜையில்தான் நாலு ஏலக்காய் கிடக்காது? செலவில்லாத கணக்கு. நான் அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இனிப் பேச்சியம்மா கதைக்கு வருகிறேன்.

குரங்கணிக்கு மேலே பேச்சியம்மாவுக்கு அப்பா வழியில் வந்த ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. பக்கத்துத் தோட்டம் அவள் அண்ணன் சுருளியுடையது. அதுவரை பறித்த பச்சைக் காயை அடுத்தவர் ஸ்டோரில் கொடுத்துத்தான் உலர்த்தி வாங்குவாள். மலையில் காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அந்த வருஷம் சொந்தமாக ஒரு சின்ன ஸ்டோர் போட்டு, கேஸ் அடுப்பும் விசிறியும் வைத்து, நம் பெட்டியையும் வாங்கி மாட்டிவிட்டாள். சுருளி அண்ணனுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பெட்டி மாட்டப் போயிருந்த அன்றைக்கு என் முன்னாலேயே இருவருக்கும் வாக்குவாதம்.

"பொத்தானை அமுக்கி ஏலக்கா காயுமா? ஊருல கேட்டாச் சிரிப்பாங்கெ" என்றார் அண்ணன்.

"சிரிக்கட்டும். மொத லோடு கெட்டுப்போச்சுன்னா தோட்டத்த ஒனக்கே குத்தகைக்கு விட்டுர்றேன். நான் கீழ எறங்கி வேற சோலி பாத்துக்கிறேன். போதுமா?" என்றாள் தங்கச்சி.

கோபத்தில் விட்ட வார்த்தைதான். ஆனால் சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால் விட்ட வார்த்தை. பேச்சியம்மா சொன்னால் சொன்னதுதான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நாங்கள் மாட்டிக் கொடுத்த பெட்டியை நம்பி ஒருத்தி தன் தோட்டத்தையே பந்தயம் கட்டியிருக்கிறாளே என்று திரும்பி வருகிற வழியெல்லாம் அதே நினைப்பு.

முதல் லோடு ஏற்றிய மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. வெளியே நல்ல மழை.

"யக்கா, அடுப்பு அணைஞ்சு போச்சு. பொட்டி கீ கீன்னு கத்துது. ரொம்பச் சூடுன்னு எழுதிக் காட்டுது" என்றாள் பேச்சியம்மா.

"அளவெல்லாம் என்ன காட்டுதுன்னு படி."

உள்ளே ஓடிப் படித்துவிட்டு வந்து சொன்னாள். ஸ்டோருக்குள் ஐந்து வெப்பமானிகள். அவற்றில் நான்கு ஐம்பதுக்குக் கீழே, சொல்லிவைத்த மாதிரி ஒழுங்காக இருந்தன. ஐந்தாவது மட்டும் நானூறு என்றது. நானூறு டிகிரி இருந்தால் ஏலக்காய் கரியாகி, ஸ்டோரும் சேர்ந்து எரிந்திருக்கும். மழையில் எங்கோ ஒழுகி ஒயருக்குள் தண்ணீர் போயிருக்க வேண்டும். நாங்கள் வைத்துக் கொடுத்த விதி என்னவென்றால், ஐந்து அளவில் எது பெரிசோ அதையே சூடு என்று எடுத்துக்கொள். காய் கருகிவிடக் கூடாது என்கிற பயத்தில் வைத்த விதி. (விதி சூடு (பெரிசு (வெப்பம்))). இதில் வெப்பம் என்பது ஐந்து அளவும் சேர்ந்த பட்டியல். நான்கு பேர் உண்மை சொன்னாலும், ஒருத்தன் சத்தமாகப் பொய் சொன்னால் அவன் பேச்சுத்தான் எடுபடும்.

அந்த ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அது தட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. கதவைத் திறந்து பாதி உலர்ந்த காயைத் தட்டுத் தட்டாக வெளியே இழுத்தால்தான் கை போகும். அப்படியே பிடுங்கினாலும் ஓர் அளவு வரவில்லை என்று பெட்டி மொத்தத்தையும் பூட்டிவிடும். சரி, நேரில் போகலாம் என்றால் குரங்கணி ரோட்டில் மண் சரிந்து ஜீப்பு எதுவும் ஏறவில்லை. காய் தன் ஈரத்தை விட்டு வியர்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் சூடு நின்றுபோனால் பச்சை நிறம் செத்துவிடும், புளிச்ச வாடை அடிக்கும். அப்புறம் அதை யாரும் கையால் தொட மாட்டார்கள். கொஞ்ச நேரத்துக்குள் எதையாவது செய்தாக வேண்டும்.

பர்வீன் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. நான் போன் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து மளமளவென்று எழுதிவிட்டாள். கெட்டுப்போன அளவு எது என்று தானாகவே கண்டுபிடித்து, அதை ஒதுக்கி, மீதிக்குச் சராசரி எடுக்கிற செயற்கூறு. தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு ஓடும். இரண்டு வெப்பமானி கெட்டாலும் சமாளிக்கும். நிஜமாகவே அழகான வேலை. அவள் அப்போதே புத்திசாலி என்று முன்னமே சொன்னேனே.

"அக்கா, இதச் சொல்லி அடிக்கச் சொல்லலாமா?"

பார்த்தேன். பக்கம் முழுக்கப் பிறை. அவளே பெயர் வைத்த சொற்கள் நாலைந்து, எதற்கும் பொத்தான் கிடையாது. மழையில், விட்டு விட்டு வருகிற சிக்னலில், பெட்டி முன்னால் நிற்கிற ஒருத்தியை ஒவ்வோர் எழுத்தாக மேலம்பு கீழம்பு அமுக்கச் சொல்ல வேண்டும்.

"பாப்பா, இத அடுத்த மாசம் எல்லாப் பொட்டிக்கும் போடுவோம். இப்ப பேச்சியம்மா கைக்குப் பக்கத்துல என்ன இருக்கு, அத மட்டும் யோசி" என்றேன்.

அவளுக்கு முகம் சுருங்கியது. பிறகு பெட்டிமுகப்பின் படத்தை எடுத்து மேஜையில் விரித்துப் பார்த்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வரிசை இருந்தது. எடு இருந்தது. பெரியவர் எஸ்டேட்காரரைத் திருப்பி அனுப்பியது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்து, பர்வீன் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ஐந்து அளவையும் சிறிசிலிருந்து பெரிசுக்கு வரிசையாக வைத்து மூன்றாவதை எடுத்தால், நானூறு கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது என்ன கத்தினாலும் கேட்க ஆளில்லை. (விதி சூடு (எடு 3 (வரிசை (வெப்பம்)))). எல்லாமே பொத்தான், புதுச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவள் தலையைப் பிடித்து ஆட்டிவிட்டேன்.

இருந்தாலும் உடனே சொல்லிவிடவில்லை. ஒருவேளை நானூறு பொய் என்றாலும், மற்ற நான்கும் சரிதானா? பாதுகாப்புக்கு வைத்த விதியைக் கழற்றுகிறோம். தப்பானால் காயை நாமே கொளுத்திய கணக்காகும்.

"பேச்சி, கதவுல கைய வச்சுப் பாரு. மேல ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் தொங்கவிட்டோமே, அதையும் பாரு."

"கை வைக்க முடியுது யக்கா, சுடல. கண்ணாடியில அம்பதுக்குக் கீழதான் நிக்குது."

அது போதும் எனக்கு.

ஸ்டோருக்குள் சிக்னல் வராது, வாசலில்தான் வரும். பெட்டியோ உள்ளே இருக்கிறது. அதனால் பேச்சியம்மா பெட்டி முன்னால் நிற்க, சுருளி அண்ணன் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் சொல்வதைக் கேட்டு உள்ளே கத்துவதாக ஏற்பாடு. காய்க் கணக்கும் அவர் பொறுப்பு. வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த டிரம்மின் மேல் அவர் காய் வைப்பார். எங்கள் மேஜையில் பர்வீன் வைப்பாள். இந்த ஸ்டோரே கூடாது என்று சொன்ன மனுஷன் கையில் கணக்கைக் கொடுக்கிறோமே என்று எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. வேறு ஆளும் இல்லை.

"பிறை தெறங்க. ஒரு காய் வைங்க" என்றாள் பர்வீன்.

"பிறை தெறயாம் ஆத்தா!" என்று உள்ளே கத்தினார். "வச்சாச்சு பாப்பா."

"விதி. அப்புறம் சூடு."

"விதி! சூடு!"

"பிறை தெறங்க. ஒரு காய். எடு. மூணு."

இப்படியே வரிசை, வெப்பம் என்று போனது. நான்கு பிறை திறந்தாயிற்று. எங்கள் மேஜையில் நான்கு காய். நடுநடுவே மழைச்சத்தம், சிக்னல் அறுந்து அறுந்து ஒட்டியது.

"இப்ப ஒவ்வொண்ணாச் சாத்துங்க. சாத்தச் சாத்தக் காய எடுங்க. டிரம்மு காலியாகுற வரைக்கும்."

"ஒண்ணு சாத்தியாச்சு... இன்னொண்ணு..." சிக்னல் கொரகொரத்தது. "...சாத்தியாச்சு. காலி பாப்பா, டிரம்மு காலி."

"எண்டர் தட்டச் சொல்லுங்க."

தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பு எரியவில்லை. கத்திக்கொண்டிருந்த பெட்டியும் கத்துவதை நிறுத்திவிட்டது. திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மினுக்குகிறதாம். எண்டரை மறுபடி தட்டினாள், கோடு ஒரு வரி கீழே இறங்கி அங்கே மினுக்கியது.

"பொட்டி செத்துருச்சு தாயி!" என்று சுருளி அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "மெயின ஆஃப் பண்ணிப் போடவா? வெரசாச் சொல்லுங்க, காயி ஆறுது!"

பர்வீனும் என் கையைப் பிடித்தாள். "ஹேங் ஆயிருச்சுக்கா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க. முதல்லேருந்து அடிச்சுக்கலாம்."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நம் தொழில் இருக்கிறது. அந்த நேரத்தில் எல்லோரும் ஒன்றைச் செய்யச் சொல்லுவார்கள், அது கைக்கு எட்டுகிற தூரத்திலும் இருக்கும். எனக்கும் "ஆஃப் பண்ணு" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அணைத்துப் போட்டால் பெட்டி பழைய விதியோடுதான் கண் விழிக்கும், நானூற்றைப் பார்க்கும், கேஸ் அடுப்பாயிற்றே என்று ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரம் பேச்சியம்மாவின் காய்க்குக் கிடையாது.

பெரியவர் ஒருமுறை டீக்கடையில் நின்றபடி என்னிடம் சொன்னதுதான் அப்போது காதில் கேட்டது. "பொட்டி கத்துச்சுன்னா நீ தப்பாச் சொல்லியிருக்கேன்னு அர்த்தம். பேசாம இருந்துச்சுன்னா நீ இன்னும் சொல்லி முடிக்கலேன்னு அர்த்தம். நீ முடிக்கிற வரைக்கும் அது காத்துக்கிட்டே இருக்கும்மா. நமக்குத்தான் பொறும கெடையாது."

இப்போது பெட்டி பேசாமல்தான் இருந்தது.

பர்வீனின் மேஜையைப் பார்த்தேன். ஒரு காய் மிச்சம் கிடந்தது.

"இது என்ன?"

"அது... அவரு ஒவ்வொரு தடவ சாத்துனேன்னு சொல்றப்பவும் ஒண்ணு எடுத்தேன். நடுவுல சிக்னல் விட்டுச்சு. ஒண்ணு எனக்குக் கேக்காமப் போயிருக்கும். அவரு கணக்குத்தான் சரியா இருக்கும்கா, அவரு கண்ணு முன்னால தானே டிரம்மு இருக்கு."

அங்கே காலி, இங்கே ஒன்று மிச்சம். யார் கணக்கு சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை முடிவு செய்ய நேரமும் இல்லை. ஆனால் இன்னொன்று தெரியும். கூடுதலாக ஒரு பிறையைச் சாத்தினால் என்ன ஆகும்? "மிச்சப் பிறை" என்று பெட்டி ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும், ஒரு நஷ்டமும் இல்லை. மெயினை அணைத்தால் அதைத் திரும்பப் பெற முடியாது. எதைச் செய்தால் திரும்ப முடியுமோ அதை முதலில் செய்வோம் என்று முடிவெடுத்தேன்.

"சுருளியண்ணே, மெயின்ல கைய வச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். பேச்சிகிட்டச் சொல்லுங்க, இன்னொரு பிறை சாத்தி எண்டர் தட்டச் சொல்லுங்க. ஒரே ஒரு பிறை."

"டிரம்மு காலியாக் கெடக்கே தாயி..."

"சொன்னதச் செய்ங்கண்ணே!"

உள்ளே கத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மழைச்சத்தம் மட்டும். பர்வீன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டப்பென்று ஒரு சத்தம் போன் வழியாகவே கேட்டது. அடுத்து விசிறி உறுமியது. அதற்கும் மேலே பேச்சியம்மாவின் குரல்.

"பிடிச்சுருச்சு! அண்ணே, அடுப்பு பிடிச்சுருச்சு! யக்கா, நாப்பத்தெட்டுன்னு காட்டுது யக்கா!"

பர்வீன் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முன்கட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் இந்தத் தொழில் எனக்குக் கொடுத்ததில்லை.

போனை வைக்கவில்லை. பேச்சியம்மா வாசலுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் குரல் பக்கத்தில் கேட்டது.

"அண்ணே, டிரம்மு மேல எத்தன காயி வச்ச?"

"நாலு."

"எத்தன எடுத்த?"

"மூணு... இல்ல, நாலு..."

"அண்ணே, வாயத் தொற."

"எதுக்கு?"

"தொறன்னா தொற. மணக்குது பாரு! யக்கா, இந்த மனுசன் எண்ணிக்கைக்கு வச்ச காயத் தின்னுட்டாரு யக்கா!"

நானும் பர்வீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காய் கையில் கிடைத்தால் வாயில் போட்டுக்கொள்வது மலையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதைப் போய்க் கணக்குக்கு வைக்கச் சொன்னவள் நான்! ஆனால் பேச்சியம்மா சிரிக்கவில்லை. குரல் மாறிவிட்டது.

"வேணும்னே செஞ்சியா அண்ணே? நான் தோத்தாத் தோட்டம் ஒனக்கு வரும்னா?"

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. போனின் அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டே இருந்தது. சுருளி அண்ணன் பேசியபோது அந்த முரட்டுக் குரலை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"தோட்டம் எவனுக்கு வேணும் ஆத்தா? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ உள்ளுக்க நின்னு அழுதுக்கிட்டே பொத்தான அமுக்குற. இந்தக் காயி போச்சுன்னா நீ சொன்ன சொல்லக் காப்பாத்துறேன்னு கெளம்பிருவியே, ஒன்னைய எப்புடி மறிக்கிறதுன்னு ரோசன பண்ணிக்கிட்டு நின்னேன். எப்ப வாயில போட்டேன்னே தெரியல."

பிறகு பேச்சியம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சரி, மிச்சத்தையாவது முழுங்காம இரு" என்றாள். அப்புறம்தான் சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டேன். அண்ணன் தங்கச்சி நடுவில் நமக்கு என்ன வேலை?

ரோடு சரியானதும் இருவரும் ஜீப்பில் பட்டறைக்கு வந்தார்கள். பேச்சியம்மா மடியிலிருந்து ஒரு கை காயை எடுத்து என் மேஜையில் கொட்டினாள். என்ன பச்சை! அப்படியே செடியிலிருந்து இறங்கி வந்த மாதிரி இருந்தது. ஏலம் விடக் கொண்டுபோகிற வழியில், முதலில் எங்களுக்குத்தான் காட்ட வேண்டும் என்று வந்திருக்கிறாள். பர்வீன் ஒரு காயை எடுத்து முகர்ந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடுத்த பறிப்புக்கு ஏங்காயையும் ஓஞ் ஸ்டோருல போடுறேன்னு சொன்னா, இவ ரோசன பண்ணிச் சொல்றேங்கிறா தாயி" என்று சுருளி அண்ணன் என்னிடம் புகார் சொன்னார்.

"பொத்தான அமுக்கி ஏலக்கா காயுமா அண்ணே?" என்றாள் தங்கச்சி. அவர் தலையைச் சொறிந்தார்.

பர்வீன் எழுதிய அந்த அழகான செயற்கூறை அடுத்த மாதம் எல்லாப் பெட்டிகளிலும் போட்டோம். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது, நீங்கள் படித்துப் பார்க்க வேண்டிய வேலை அது. நடு என்று ஒரு பொத்தான் மட்டும் இன்னும் வைக்கவில்லை. யாராவது கேட்டால் பர்வீனே மறுத்துவிடுகிறாள், பெரியவர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு. நீங்களும் மலைக்குப் போகிறபோது, புதிதாக ஒன்றை எழுதத் தொடங்குவதற்கு முன்னால் பெட்டிமுகப்பை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். பெட்டி பேசாமல் இருந்தால் மெயின் பக்கம் போகாதீர்கள். அது உங்களுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கும்.

கொட்டைக்கு வருகிறேன். அன்றைக்குப் புறப்படும்போது சுருளி அண்ணன் ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு சின்ன மூட்டையைத் தூக்கி வந்து பட்டறை நடுவில் வைத்தார். அவர் வீட்டுப் புளியமரத்துக் கொட்டை.

"இனிமே எண்ணிக்கைக்கு இத வச்சுக்கங்க தாயி. ஏலக்கா வேணாம். இத எவனும் திங்க மாட்டான்."

"வறுத்தா நான் தின்பேன் அண்ணே" என்றாள் பர்வீன்.

அதனால் டப்பாவில் கொட்டை குறைந்தால் முதலில் உங்கள் தலைமைப் பொறியாளரை விசாரியுங்கள். அப்புறம் கவலைப்படாமல் இருங்கள். வருஷா வருஷம் புது மூட்டை வந்துவிடுகிறது, பேச்சியம்மாவின் காயும் அவள் அண்ணன் காயும் சேர்ந்து ஏறிவருகிற அதே ஜீப்பில்.